பதினேழாம் வட்டம்

பதினொரு மணிக்குக் கூப்பிடுவார்கள், இப்போது பத்து இருபது, இருபத்து மூன்று வட்டங்களில் இருபத்திரண்டை அடித்துவிட்டேன், அடிப்பது சுலபமாகத்தான் இருந்தது, பேனாவால் ஒரு கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம், மறுபடி ஒரு கோடு, மறுபடி சுருக்கொப்பம், பதினேழில் வந்து பேனா நின்றுவிட்டது. நிற்கட்டும். இன்னும் நாற்பது நிமிஷம் இருக்கிறது. வட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் இந்த பெஞ்சுக்கு மூன்று கால்தான் ஒரே உயரம், மூச்சை இழுத்து விட்டால்கூட ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்கிறது, மடியில் ட்ரோன் படங்கள், படங்களின் மேல் பட்டியல், பட்டியலின் மேல் என் கை, கை வியர்த்து, அடியில் அச்சடித்திருக்கும் உமையாள் என்ற என் பெயர் நெளிந்துபோய்க் கிடக்கிறது. வட்டாட்சியர் என்றால் வட்டத்தை ஆள்பவர். ஜெர்மனியிலிருந்து திரும்பி வந்த புதிதில் இந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்து, எதிரே பஸ் ஸ்டாண்டில் நின்று தனியாகச் சிரித்திருக்கிறேன், இருபத்திரண்டு வருஷம் வானத்திலிருந்து வட்டம் தேடியே சாப்பிட்டவள் கடைசியில் வட்டத்தை ஆள்பவரிடமே வந்து சேர்ந்தாள் என்று. இப்போது சிரிப்பு வரவில்லை. நேற்று மத்தியானத்திலிருந்து வரவில்லை.

ஆத்திவலசைக்குத் தெற்கே உள்ள மானாவாரிக் காடு முழுவதையும் சோலார் கம்பெனி குத்தகைக்கு எடுத்திருக்கிறது, பேனல் நிறுத்த இரும்புத் தூண் இறக்குவதற்கு முன்னால், அங்கே பழைய காலத்து ஈமக்குழிகள் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் எனக்குக் கொடுத்த வேலை. நாற்பத்தெட்டு வயதில் இங்கே எனக்குக் கிடைத்த முதல் வேலை. மார்கழிக் கடைசியில் ட்ரோனைப் பறக்கவிட்டேன், மழை நின்று சோளம் வாடத் தொடங்கியிருந்த வாரம், அந்த வாரத்துக்காகவே காத்திருந்தேன். மண்ணுக்குள் குழி இருந்தால் அதன்மேல் நிற்கும் பயிர் நான்கைந்து நாள் கூடுதலாகப் பச்சை பிடித்திருக்கும், கல் இருந்தால் முந்திக் காய்ந்துவிடும், தரையில் நிற்பவனுக்குத் தெரியாது, மேலே ஏறிப் பார்த்தால் தெரியும், பயிர் வாடும்போதுதான் அடியில் இருப்பது மேலே வரும். ஜெர்மன் மொழியில் இதற்குச் சரக்கு ரயில் நீளத்தில் ஒரு சொல் உண்டு. தமிழில் நான் பயிர்த்தடம் என்று எழுதினேன், எழுதிவிட்டு அந்தச் சொல்லை நாலு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன், பெருமையாக இருந்தது, பெருமைதான் கெடுத்தது. கணினித் திரையில் முதல் வளையம் தெரிந்தபோது எழுந்து நின்றுவிட்டேன். கரும்பச்சை வளையம், நடுவில் வெளுத்த ஒரு திட்டு. அதற்கு அடுத்தது. அதற்கும் அடுத்தது. வரிசையாக, ஒரே அளவில், விளிம்போடு விளிம்பு உரசாமல். வளையம் என்பது கல்வட்டத்துக்கு வெளியே வெட்டிய பள்ளம், நடுவில் வெளுத்திருப்பது கல்லறை, வரிசை என்பது தலைமுறை, எல்லாம் பொருந்தியது, பொருந்தாத ஒன்றுகூட இல்லை, அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குச் சொல்லிக்கொடுத்த லிண்டர், சின்ன விமானத்தை ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையால் ஆப்பிள் தின்பவர், சொல்வார், மேலேயிருந்து எல்லாம் சரியாகத் தெரிந்தால் கீழே இறங்கி முதலில் எதிர்ப்படுகிறவரிடம் கேள் என்று. நான் கேட்கவில்லை. யாரிடம் கேட்பது, என்னவென்று கேட்பது, உங்கள் காட்டில் செத்தவர்கள் இருக்கிறார்களா என்றா? பத்திரிகையில் என் படம் வந்தது, பனைமரத்தைப் பார்த்து நிற்கிற மாதிரி, வானிலிருந்து கண்ட ஈமக்காடு என்று தலைப்பு. கம்பெனி வேலை நின்றது. ஆழமாக உழக்கூடாது, போர் போடக்கூடாது, விற்கக்கூடாது என்று இருபத்து மூன்று குடும்பத்துக்கு நோட்டீஸ் போனது, வட்டத்துக்கு ஒன்று என்கிற மாதிரி.

எதிர் பெஞ்சில் அவர்கள்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒன்பது பேர், நடுவில் அடைக்கலம், பதினேழாம் வட்டம் அவருடைய காட்டு மூலையில்தான் இருக்கிறது, புல எண் இருநூற்றுப் பதினாலு பிரிவு மூன்று, ஒல்லியான மனிதர், துண்டை மடித்துத் தொடையில் வைத்து நீவிக்கொண்டே இருக்கிறார். நேற்றுத் தோண்டிய செய்தி ஊருக்கு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. "ஏம்மா," என்கிறார் என்னைப் பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, "எங்க காட்டுல இருக்கிற மூவாயிரம் வருசத்துப் புழுக்கைய எங்க கொண்டுபோயி வைக்கப் போறீக? மியூசியத்துலயா?" வரிசையே குலுங்குகிறது. "கண்ணாடிப் பொட்டிக்குள்ள வைக்கணும்ணே," என்று இன்னொருவர், "அந்தக் காலத்து ஆடு, ராசா வீட்டு ஆடு." டவாலி கோட்டைச்சாமி சிரிப்பை அடக்கிக்கொண்டு என் பக்கம் வந்து, "மேடம், டீ சொல்லட்டா? கோச்சுக்கிறாதீங்க, இவங்க இப்படித்தான், நல்லவங்க," என்கிறார், வேண்டாம் என்று தலையாட்டுகிறேன். அவர்கள் சிரிக்கட்டும். சிரிப்பு என்னை ஒன்றும் செய்யாது. நான் பயப்படுவது சிரிப்புக்கு இல்லை. சிரிப்புக்குமேல் ஒரு கல் சத்தம் கேட்கிறது, கல்லின்மேல் கல் வைக்கும் சத்தம், டொக் என்று, நேற்றிலிருந்து அரைமணிக்கு ஒரு தடவை கேட்கிறது, அதைக் கேட்டுக்கொண்டு இவர்களுக்கு முகம் கொடுக்க முடியவில்லை. சுவரில் கடிகாரம் பத்து இருபத்தெட்டு. நொடிமுள் ஆறில் வந்து ஒரு கணம் திக்கி, பிறகு ஏறுகிறது. ஒவ்வொரு தடவையும் ஆறில் திக்குகிறது.

நேற்று நான்காம் வட்டத்தில் சோதனைக் குழி போட்டோம். ஒரு அடி, இரண்டடி, மூன்றடி. கல் இல்லை, பானை ஓடு இல்லை, மண்ணின் நிறம்கூட மாறவில்லை, மேலே ஒரு சாண் மட்டும் கருத்த மண், அதில் உலர்ந்த உருண்டைகள், விரலால் நசுக்கினால் பொடியாகி வாசனை வந்தது, எனக்குத் தெரிந்த வாசனை, தெரியாதது மாதிரி இன்னொரு அடி வெட்டச் சொன்னேன். அப்போதுதான் வரப்பில் அவர்கள் வந்து நின்றார்கள், கீதாரி சேவுகனும் அவர் மனைவி பஞ்சவர்ணமும், பின்னால் முந்நூறு ஆடு. அறுவடை முடிந்ததும் வருஷா வருஷம் இந்தப் பக்கம் ஆடு ஓட்டி வருகிறவர்கள், காட்டுக்காரர் கேட்டால் ராத்திரி அந்தக் காட்டில் ஆட்டைக் கிடத்தி எருவாக்கிவிட்டு, மறுநாள் பக்கத்துக் காட்டுக்கு நகர்வார்கள். "ஏந்தாயி," என்றார் சேவுகன், "இந்த எடத்துல என்ன தேடுறீக?" சொன்னேன். படத்தை எடுத்துக் காட்டினேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தலைகீழாகத்தான் பிடித்திருந்தார், நான் திருத்தப் போனேன், அதற்குள் அவருக்குப் புரிந்துவிட்டது, முகம் மலர்ந்தது, பழைய கல்யாண போட்டோவில் தன்னைக் கண்டுபிடித்தவர் மாதிரி. "அடேயப்பா, பஞ்சவர்ணம், இங்க பாரு, நம்ம கிடை! போன வருசம் போட்ட கிடை பூராம் அச்சு மாதிரி விழுந்து கெடக்கு. தாயி, இது நாங்க படுத்த எடம். சுத்தி ஆடு கெடக்கும், நடுவுல குட்டிக் கூடும் எங்க கட்டிலும். இந்தா, வெளுத்திருக்கு பாருங்க, இதான் நம்ம கட்டிலு." கல்லறை என்று நான் எழுதியது அவருடைய கட்டில். தலைமுறை என்று எழுதியது ஒரு வாரம், திங்கள் செவ்வாய் புதன். கிடை. எனக்கு அந்தச் சொல் தெரியாமலா இருந்தது? பத்தாம் வகுப்பு வரை தமிழில்தானே படித்தேன். கிடந்தது, கிடைத்தது, கிடையாது, எல்லாம் தெரியும், கிடையாகக் கிடக்கிறார் என்று படுக்கையில் விழுந்தவரைச் சொல்வதும் தெரியும், ஆடு கிடக்கும் கிடைதான் மறந்துவிட்டது, அந்தச் சொல் இருக்க வேண்டிய இடத்தில் சரக்கு ரயில் வந்து நின்றுகொண்டது. நின்ற இடத்திலேயே ஒவ்வொரு வட்டமாகக் காட்டினேன், இது? கிடை. இது? கிடை தாயி. இது? இது ஆத்தோரத்துக் கிடை, அன்னைக்கு நரி வந்துச்சு. இருபத்திரண்டுக்கும் சொன்னார், தேதி சொல்லாமல் மழையையும் காய்ச்சலையும் ஈன்ற ஆட்டையும் வைத்துச் சொன்னார். இது? என்று பதினேழைக் காட்டினேன். அவர் படத்தை என் கையில் கொடுத்துவிட்டு, ஆடு போகுது என்று சொல்லி, போகாத ஆட்டைத் திருப்பப் போய்விட்டார்.

பதினேழு மற்றவை மாதிரி இல்லை. வரிசையில் இல்லை, தனியாக, அடைக்கலம் காட்டின் வடகிழக்கு மூலையில், ஓடைக் கரையில், ஒரு இலந்தைச் செடிக்குப் பக்கத்தில் இருக்கிறது, சின்னது, பதினெட்டடி குறுக்களவு, பச்சையில்லை, சுற்றி வெளுத்த வளையம், நடுவில் கற்கள். ஆகவே இதுதான் உறுதியானது என்று அறிக்கையில் எழுதினேன், மூன்று காரணம் கொடுத்திருந்தேன், ஒன்று கற்குவை, இரண்டு வளையம், மூன்று, உழவுச் சால்கள் அந்த இடத்தில் விலகி வளைந்து செல்கின்றன, அடியில் பெரிய கல் இருக்கக்கூடும். பழைய செயற்கைக்கோள் படத்தில் அந்த மூலைமேல் மட்டும் ஒரு மேகம் நின்றிருந்தது, மேகத்துக்கு அடியிலும் கற்குவை இருப்பதாக எனக்கு நானே வைத்துக்கொண்டேன். மஞ்சள் நாடா கட்டி அடைத்தேன், உள்ளே வரக்கூடாது என்று பலகை வைத்தேன். சேவுகன் போன பிறகு பஞ்சவர்ணம் மட்டும் நின்றாள். சேலை முந்தியில் ஏதோ முடிந்து வைத்திருந்தாள், கனமாகத் தொங்கியது. என்னிடம் வந்து, சத்தத்தைக் குறைத்து, "தாயி, அந்த நாடாவத் தாண்டலாமா?" என்றாள். ஏன் என்று கேட்டேன். ஏன் கேட்டேன், ஏன் கேட்டேன், தாண்டிக்கொள் என்று சொல்லியிருக்கலாம், கேட்காமல் இருந்திருந்தால் எனக்கு இன்று தெரிந்திருக்காது, தெரியாமல் பதினேழுக்கு ஒரு சரிக்குறி போட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். முந்தியை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கல், ஓடைக் கல், உள்ளங்கையளவு, கழுவித் துடைத்தது. "வருசத்துக்கு ஒண்ணு வப்போம் தாயி. பதினோரு வருசம் ஆச்சு. ஒன்றரை வயசுப் பிள்ள. மூணு நாள் காய்ச்சல். ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போகையில பாதி வழியிலயே... திரும்பி வந்துட்டோம். மறுநாளு வேற காட்டுல கிடை பேசியிருந்தாக, ஆடு நிக்காதுல்ல தாயி. நாய் கீய் தோண்டிறப் படாதுன்னு அன்னைக்கே இவரு பத்துக் கல்லு வச்சாரு. அப்புறம் வருசம் ஒண்ணு." பெயர் என்ன என்று கேட்டேன், அதையும் கேட்டேன். "மழையம்மா. மழையில பொறந்தா, எளவட்டக் கல்லு மாதிரி கனமா பொறந்தா. காட்டுக்காரவுகளுக்குத் தெரியாது. அடுத்தவுக காட்டுல கேக்காமப் பொதச்சம்னு தெரிஞ்சா இனிமே கிடைக்குக் கூப்பிடுவாகளா? யாருட்டயும் சொல்லிறாதீக தாயி. இவருக்கே நான் ஒங்ககிட்டச் சொன்னது தெரியாது." நாடாவைத் தூக்கிப் பிடித்தேன். குனிந்து உள்ளே போனாள். டொக். தூரத்தில் ஓடிக்கொண்டிருந்த டிராக்டர் நின்றது, யாரோ என்று நினைத்தேன், அந்த அமைதியில் கல் சத்தம் இன்னும் பெரிதாகக் கேட்டது. சுற்றி வந்தாள், மூன்று தடவை, அந்த வெளுத்த வளையத்தின் மேலேயே நடந்து. வளையம் எப்படி வந்தது என்று அப்போது தெரிந்தது. புதைத்த மேடு என்று எழுதினேன், புதைத்த மேடுதான், இருபத்து மூன்றில் ஒன்றை மட்டும் சரியாகக் கண்டுபிடித்தேன், காலம்தான் மூவாயிரம் வருஷம் தப்பு.

பத்து நாற்பத்தைந்து. பட்டியலில் பதினேழை அப்படியே விட்டால் என்ன ஆகும் என்று மறுபடியும் போய்ப் பார்க்கிறேன், நேற்றிலிருந்து நூறு தடவை போன வழிதான். விட்டால், எஞ்சியது அது ஒன்றுதான் என்று திங்கட்கிழமை அகழாய்வுக் குழு வரும், கற்களுக்கு ஒவ்வொன்றாய் எண் போட்டு எடுப்பார்கள், தூரிகையால் பெருக்குவார்கள், இரண்டடியில் முடிந்துவிடும், மூன்றடிகூட வேண்டாம். அப்புறம் போலீஸ். அப்புறம் சேவுகனைத் தேடி எந்தக் காட்டுக்கோ ஜீப் போகும். அடித்துவிட்டால், அடுத்த வாரம் கம்பெனி வண்டி வந்து காடு முழுவதையும் மட்டப்படுத்தும், கம்பெனி வரைபடத்தில் அந்த மூலையில்தான் பாதை வருகிறது, லாரி போகிற பாதை, பத்துக் கல்லும் பதினோரு கல்லும் அந்தப் பாதைக்கே சல்லியாகப் போகும். உண்மையைச் சொன்னால். உண்மையைச் சொல்லமாட்டேன் என்று நாடாவைத் தூக்கிப் பிடித்தபோதே சொல்லிவிட்டேன். நாலாவது வழி ஒன்று இருக்க வேண்டும், படிவத்தில் பரிந்துரை என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் தொடாமல் விடவும் என்று எழுதலாம், காரணம் என்ன என்று கேட்பார்கள், காரணம் எழுதப் போனால் மறுபடி மூன்று வழிதான், சுற்றி வந்து அதே இடத்தில் நிற்கிறேன், வளையம் தேய்கிறது. ஜெர்மனியில் நான் குடியிருந்த வீட்டுக்காரி திருமதி ஹூபர் ஞாபகத்துக்கு வருகிறாள், ஏன் இப்போது, அந்த ஊரில் கல்லறையும் குத்தகைதான், இருபது வருஷம் கழித்துக் கடிதம் வரும், நீட்டிக்கிறீர்களா, எடுத்துவிடலாமா என்று. அவள் புருஷனுக்கு வந்தபோது, காபியில் கேக்கை முக்கிக்கொண்டே, "அந்த மனுஷன் ஒரே இடத்தில் இருபது வருஷம் இருந்ததே ஆச்சரியம், போதும்," என்றாள், எடுத்துவிடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள், மறுவாரம் அந்தப் பக்கம் நடந்து போனேன், பெயர் செதுக்கிய கற்களை மதில் ஓரம் சாய்த்து வைத்திருந்தார்கள், முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி. அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் இருந்தது, நீட்டிக்க ஒன்று, எடுக்க ஒன்று. பஞ்சவர்ணத்துக்கு எந்தப் படிவம்? அவளிடம் காகிதமே இல்லை, வருஷத்துக்கு ஒரு கல் வைத்து அவள் நீட்டித்துக்கொண்டிருக்கிறாள், நான் மேலேயிருந்து பார்த்துப் படமெடுத்து எண் கொடுத்தேன். நான் எண் கொடுக்காவிட்டால் அது ஒரு காட்டு மூலையில் கிடக்கும் கல். என் அறிக்கையால்தான் அது கம்பெனி வரைபடத்தில் சிவப்பு வட்டமாக ஏறியது, எல்லோருக்கும் தெரிந்த இடமானது. பங்குனி வெயில் வராந்தா பாதிவரை வந்துவிட்டது, கால் சுடுகிறது. எழுந்து போய்விடலாமா? மதுரை பஸ் பத்து ஐம்பதுக்கு. போய்விட்டால் பட்டியல் கையெழுத்தாகாது, விசாரணை தள்ளிப் போகும், ஒரு மாதம், இரண்டு மாதம், அவ்வளவுதான், பிறகு வேறு யாரையாவது அனுப்புவார்கள், இலந்தைச் செடிப் பக்கத்தில் நேராகப் போய் மண்வெட்டியை வைப்பார்கள், ஏனென்றால் உறுதியானது என்று எழுதியவள் நான்.

"ஆத்திவலசைப் பார்ட்டி எல்லாரும் உள்ள வாங்க," என்று கோட்டைச்சாமி கூப்பிடுகிறார், பத்து ஐம்பத்தெட்டுதான் ஆகிறது, இரண்டு நிமிஷம் இருக்கிறது என்று சொல்ல வாய் வருகிறது, எழுந்ததும் பெஞ்சு டக்கென்று மறுபக்கம் சாய்கிறது, படங்கள் சரிந்து தரையில் விழுகின்றன, நான் குனிவதற்குள் அடைக்கலம் குனிந்து பொறுக்குகிறார், மேலே இருந்த பதினேழாம் வட்டத்தின் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டுகிறார். உள்ளே மின்விசிறி, கோப்பு வாசனை, மேஜைக்குப் பின்னால் வட்டாட்சியர், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருக்கிறார், பக்கத்தில் கணினியில் ஒரு பெண், ஓரத்தில் கம்பெனி மேனேஜர் போனைப் பார்த்துக்கொண்டு. "உட்காருங்க மேடம். இருபத்திரண்டும் ஆட்டுக்கிடைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க." "ஆமாம் சார்." பின்னால் யாரோ செருமுகிறார்கள், செருமல் சிரிப்பாகிறது. "பேப்பர்ல எல்லாம் போட்டாங்களே." "ஆமாம் சார்." "சரி. தப்பு நடக்கிறதுதான். இந்தப் பதினேழு மட்டும் அடிக்காம இருக்கு. இது என்ன?" வாயைத் திறக்கிறேன். இரண்டு மொழியில் படித்தேன், இரண்டிலும் தேடுகிறேன், வட்டம் கல் மேடு மண் என்று தனித்தனியாகச் சொற்கள் வருகின்றன, ஒன்றோடு ஒன்று சேரமாட்டேன் என்கின்றன, மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கீச்சிடுகிறது, வட்டாட்சியர் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்க்கிறார், திங்கட்கிழமை, தூரிகை, லாரி, டொக், டொக்.

"அய்யா," என்கிறார் பின்னாலிருந்து அடைக்கலம், "அது எங்க சாமி எடங்கய்யா." மேனேஜர் போனை இறக்குகிறார். "சாமியா? குத்தகை பேசும்போது ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க?" "நீங்க கேட்டீகளா? சர்வே கல்லு எங்கன்னீக, கெணறு எங்கன்னீக, மரம் எத்தனைன்னீக. சாமி இருக்கான்னு கேட்டீகளா?" "இதுக்கு முன்னால எந்தப் பேப்பர்லயும் இல்லையே." "பேப்பர்ல இருந்தா அது ஆபீசுங்க." மற்ற எட்டுப் பேரும் சிரிக்கிறார்கள், வட்டாட்சியருக்கே உதடு கோணுகிறது. அடைக்கலம் சிரிக்கவில்லை. "அந்த மூலைய விட்டுட்டு வேலி போடச் சொல்லுங்கய்யா. வருசத்துக்கு ஒருக்கா கும்பிட வர்றவுகளுக்கு ஒரு ஆள் போற வழி வேணும். நான் உழுகையிலயே சுத்தித்தான் உழுகுறது." என் மடியில் படம். சால்கள் நேராக வருகின்றன, பத்தடி தூரத்திலேயே ஒதுங்கத் தொடங்கி, வளைந்து, கற்களைத் தாண்டியபின் மெல்ல நேராகின்றன. அடியில் கல் இருந்தால் கொழு தட்டிய பிறகு திருப்புவான், கிட்டத்தில் வெடுக்கென்று திரும்பியிருக்கும். இது தூரத்திலேயே தெரிந்து, ஸ்டீயரிங்கை மெல்ல ஒடித்துப் போனவன் போட்ட கோடு. தடம் தடமாக, அடுக்கடுக்காக. காட்டுக்காரவுகளுக்குத் தெரியாது என்று பஞ்சவர்ணம் சொன்னாள். நேற்று நின்ற டிராக்டர் இவருடையது. மூன்றாவது காரணம் என்று எண் போட்டு நானே எழுதியிருக்கிறேன், எழுதியபோது படித்துப் பார்க்கவில்லை.

"அப்ப இதுவும் பழைய காலத்துப் புதைகுழி இல்லையா மேடம்?" என்கிறார் வட்டாட்சியர். இல்லை என்று சொன்னால் குழு வராது. இல்லை என்று சொன்னால் இந்த ஜில்லாவில் எனக்கு இனி ஒரு படமும் எடுக்கக் கிடைக்காது, நாளைப் பேப்பரில் எல்லாம் வரும், லிண்டர் காதுக்கும் எப்படியாவது போகும், ஆப்பிளைக் கடித்துக்கொண்டே சிரிப்பார். பேனாவை எடுக்கிறேன், பதினேழின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம். "இல்லை சார்." "இருபத்து மூணும் தப்பு." "ஆமாம் சார். இருபத்து மூன்றும்." மேனேஜர் தோளைக் குலுக்குகிறார், ஒரு மூலைதானே, வரைபடத்தில் பாதையைத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். வட்டாட்சியர் கணினிப் பெண்ணைப் பார்த்து, "வழிபாட்டு இடம்னு போடும்மா, வழிவிட்டு வேலி போடணும்னு சேத்துக்க. சாமி பேரு என்னங்க?" என்கிறார் அடைக்கலத்திடம்.

துண்டை நீவிய அடைக்கலத்தின் கை நின்றுவிட்டது. யார் வைத்தது என்று தெரியும், என்ன வைத்தது என்று தெரியும், பெயரை அவரிடம் யாரும் சொன்னதில்லை. மேனேஜர் நிமிர்ந்து பார்க்கிறார். அடைக்கலம் என்னைப் பார்க்கிறார், வராந்தாவில் கேலி பேசிய கண் இல்லை இது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்றாள் பஞ்சவர்ணம். என்னிடம் சொன்னது அவளுடைய கணவருக்கே தெரியாது என்றாள். நாடாவைத் தூக்கிப் பிடித்த கை இதுதான்.

"மழையம்மா," என்கிறேன்.

"ஆமாங்கய்யா," என்கிறார் அடைக்கலம் உடனே, "மளையம்மா."

அந்தப் பெண் தட்டுகிறாள், நிறுத்துகிறாள். "மலையம்மாவா மேடம்? காட்டுல மலை ஏது?"

"மலை இல்லம்மா. மழை."

"அங்க மழையும் பெய்யாதே," என்று முணுமுணுத்தபடி அழிக்கிறாள், மறுபடி தட்டுகிறாள், திரையை என் பக்கம் திருப்பிக் காட்டுகிறாள், நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் போய்க் குனிந்து, எழுத்து எழுத்தாகப் பார்க்கிறேன்.

"அந்த ள இல்லை," என்கிறேன். "ழ போடு."